மழைக்காலத்தில் வெப்பமண்டல நாட்டுக்குப் பயணம்: எந்த மழை, எந்தக் கரை, எந்த நேரம்?

பயணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் பத்து நாளும் வரிசையாக இடிமேகப் படம். எல்லா நாளும் 80 சதவீதம், 90 சதவீதம். அதே ஊரின் ஹோட்டல்களோ விலையைக் குறைத்து வாருங்கள் வாருங்கள் என்று அழைக்கின்றன. மழைக்காலம் என்று சொல்லாமல் 'பசுமைப் பருவம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதை நம்பி முடிவெடுப்பது என்று பலரும் திணறுவது இந்த இடத்தில்தான்.

ஆப் சொல்வதும் பாதி உண்மை, விளம்பரம் சொல்வதும் பாதி உண்மை. 'மழை பெய்யுமா?' என்று கேட்டால் வெப்பமண்டலத்தில் வருடத்தின் பாதி நாட்களுக்கு 'பெய்யும்' என்பதுதான் பதில். அந்தப் பதிலை வைத்து எந்தத் திட்டமும் போட முடியாது. என்ன மாதிரி மழை, நாளின் எந்த நேரத்தில், மலையின் எந்தப் பக்கத்தில், அந்த மழை எதையெல்லாம் நிறுத்திவைக்கும் என்று கேட்க வேண்டும். இந்த நான்குக்கும் பெரும்பாலும் முன்கூட்டியே விடை கிடைக்கும்.

மழைக்காலம் எப்படி உண்டாகிறது

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட பகுதி வெப்பமண்டலம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 23.4 பாகை, தெற்கே அதே அளவு. இங்கே வருடத்தைப் பிரிப்பது மழைதான். வெயிலும் குளிரும் பெரிதாக மாறுவதில்லை.

சூரியன் உச்சிக்கு மேலே காயும் இடத்தில் ஈரக் காற்று சூடாகி மேலே எழுகிறது. உயரம் போகப் போகக் குளிர்ந்து மேகமாகி மழையாகக் கொட்டுகிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வீசும் வணிகக் காற்றுகள் அந்த இடத்தில் வந்து சேர்கின்றன. இப்படிப் பூமியைச் சுற்றி ஒரு மேகப்பட்டை எப்போதும் இருக்கிறது. வானிலை ஆய்வாளர்கள் இதை ஐ.டி.சி.இசட். என்று குறிப்பிடுவார்கள், இங்கே மழைப்பட்டை என்றே வைத்துக்கொள்வோம். சூரியன் வடக்கே போனால் இதுவும் வடக்கே போகும், தெற்கே திரும்பினால் இதுவும் திரும்பும். ஆனால் நிலமும் கடலும் சூடேற நேரம் எடுப்பதால் சில வாரங்கள் பின்தங்கியே வரும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

1. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே பட்டை வருடத்துக்கு இரண்டு முறை கடக்கிறது. கென்யாவில் மார்ச் முதல் மே வரை ஒரு மழைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. சிங்கப்பூர் போன்ற இடத்தில் வறண்ட காலம் என்று தெளிவாக ஒன்று கிடையாது.
2. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக ஒரே நீண்ட மழைக்காலமும் ஒரே நீண்ட வறண்ட காலமும் அமையும்.
3. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே காலண்டர் தலைகீழாகும். பாலித் தீவில் மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. வட ஆஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட அப்படியே.

ஆசியாவில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பெரிய நிலப்பரப்பு கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். அதனால் காற்றின் திசையே பருவத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அதுதான் பருவக்காற்று. தென்மேற்கிலிருந்து வந்தால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்கிலிருந்து வந்தால் வடகிழக்குப் பருவமழை. காற்று எந்தப் பக்கம் முகம் கொடுத்து வருகிறதோ அந்தப் பக்கக் கரை நனையும். மலைக்கு மறுபக்கம் மழைமறைவுப் பகுதியாகிவிடும். பயணத் திட்டத்துக்கு இந்த ஒரு செய்தி மிகப் பெரிய பயன் தரும்.

ஒரே நாடு, இரண்டு கரை

'ஆகஸ்டில் தாய்லாந்து போகலாமா?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தாய்லாந்துக்கு இரண்டு கடல் இருக்கிறது. அந்தமான் கடல் பக்கம் இருக்கும் புக்கெட், கிராபி பகுதிகள் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றை நேராக வாங்குகின்றன. கடல் கொந்தளிப்பாக இருக்கும். எதிர்ப்புறம் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவுக்கு அந்த மாதங்களில் மழை குறைவு. அதற்குக் கடும் மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நவம்பர் உச்சம். ஜூலை, ஆகஸ்டில் கடற்கரை வேண்டுமென்றால் நாட்டை மாற்றத் தேவையில்லை, கரையை மாற்றினால் போதும்.

இலங்கை இதற்கு இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் தீவு சிறியது. நடுவில் மலைநாடு நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கொழும்பு, காலி, பெந்தோட்டை நனைகின்றன. அதே மாதங்களில் திருகோணமலையிலும் அறுகம்குடாவிலும் வெயில் அடிக்கிறது. அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பருவமே அப்போதுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை வரும்போது கதை திரும்பிவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் மட்டும் தனி. அது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். தீவு முழுக்கவே மழை பெய்யலாம், வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களும் வரலாம். அந்த இரண்டு மாதங்களில் கரையை மாற்றித் தப்பிக்கும் வழி வேலை செய்யாது.

இன்னும் சில இடங்கள்:

- வியட்நாம்: ஹனோயும் ஹோ சி மின் நகரமும் மே முதல் அக்டோபர் வரை நனையும். நடுவிலுள்ள ஹுவே, தா நாங், ஹோய் ஆன் பகுதிகளுக்கு அக்டோபரும் நவம்பரும்தான் கடும் மழை. ஹோய் ஆன் பழைய நகரத் தெருக்களில் ஆற்று நீர் ஏறுவது அப்போதுதான்.
- மலேசியா: கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹென்தியான், ரெடாங் ஆகியவை நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறக்குறைய மூடியே கிடக்கும். மேற்குக் கரையில் லங்காவிக்கு அந்த மாதங்களின் பின்பகுதிதான் நல்ல காலம்.
- இந்தோனேசியா: பாலி வறண்டிருக்கும் ஜூன், ஜூலையில் அதே நாட்டின் அம்போன் தீவில் மழை உச்சத்தில் இருக்கும்.
- கோஸ்டா ரிக்கா: பசிபிக் கரையில் செப்டம்பரும் அக்டோபரும் மிக ஈரமான மாதங்கள். கரீபியன் கரையில் அதே இரண்டு மாதங்கள் மழை குறைந்தவை.

ஆகவே ஒரு நாட்டின் பெயரைப் போட்டு 'எப்போது போகலாம்' என்று தேடுவதில் பயன் குறைவு. ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்புறம் வரைபடத்தை எடுத்து மலை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

எண்கள் எங்கே ஏமாற்றும்

வானிலைப் பக்கங்களில் மாத மழையளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்போது நான்கு இடங்களில் தவறு நேர்கிறது.

1. மொத்த அளவு, மழை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லாது. சிங்கப்பூரின் ஆண்டு மழை சுமார் 2,100 மி.மீ. மும்பையின் ஆண்டு மழையும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் சிங்கப்பூரில் அது பன்னிரண்டு மாதங்களில், சுமார் 170 நாட்களில் பெய்கிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பயணம் போகிறவருக்கு இரண்டும் இரண்டு வேறு உலகம்.

2. மழை நாள் என்பது நாள் முழுக்கப் பெய்த நாள் இல்லை. பல நாடுகளில் 1 மி.மீ. பெய்தாலே அது மழை நாள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2.5 மி.மீ. என்று வைத்திருக்கிறது. மாதத்தில் 20 மழை நாள் என்றால் இருபது நாளும் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்று பொருளில்லை. மழை நாளோடு சேர்த்து 'வெயில் நேரம்' என்ற எண்ணையும் பாருங்கள். மழை நாள் அதிகம், வெயில் நேரமும் நாளுக்கு ஆறு மணி என்று இருந்தால் அது கொஞ்ச நேரம் கொட்டி ஓயும் மழை. வெயில் நேரம் இரண்டு மூன்று மணிக்கு இறங்கியிருந்தால் வானம் மூடியே கிடக்கும் மழை. இந்த ஒப்பீட்டைப் பலர் செய்வதில்லை. செய்தால் பாதிக் குழப்பம் தீரும்.

3. சராசரி, உச்சத்தை மறைத்துவிடும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது. ஒரு முழு ஜூலை மாதத்தில் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். இப்படி ஒரு நாள் மிக அரிது. ஆனாலும் பயணத்தில் ஒன்றிரண்டு நாள் உபரியாக வைக்கச் சொல்வதற்கு இத்தகைய நாட்களே காரணம்.

4. மழைக்காலம் முழுக்க ஒரே சீராக மழை இருப்பதில்லை. இந்தியப் பெருங்கடலில் தொடங்கிக் கிழக்கு நோக்கி நகரும் ஒரு பெரிய மேக அலை இருக்கிறது. மேடன்–ஜூலியன் அலைவு என்று பெயர். 30 முதல் 60 நாட்களில் ஒரு சுற்று வரும். அது தலைக்கு மேலே இருக்கும் வாரங்களில் விடாமல் பெய்யும். கடந்து போன பிறகு மழைக்காலத்தின் நடுவிலேயே பத்து நாள் வெயில் அடிக்கும். ஒருவர் ஜூலையில் போய் 'ஒரு சொட்டு மழை இல்லை' என்பதும், இன்னொருவர் அதே ஜூலையில் போய் 'அறையை விட்டு வெளியே வரவே முடியவில்லை' என்பதும் இரண்டும் உண்மையாக இருப்பது இதனால்தான். நடு, கிழக்குப் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தோனேசியாவில் பொதுவாக மழை குறைவதும், அது குளிர்ந்திருக்கும் லா நினாவில் கூடுவதும் இதற்கு மேல் வரும் இன்னொரு அடுக்கு.

சரி, ஆப் ஏன் பத்து நாளும் இடிமேகம் காட்டுகிறது? அந்தச் சிறு படம் 24 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒன்றுதான். பெரும்பாலான ஆப்கள் அந்த நாளின் மிக மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுகின்றன. மாலையில் அரைமணி நேரம் இடியுடன் பெய்தாலும் அதே படம், பகல் முழுக்கப் பெய்தாலும் அதே படம். 80 சதவீதம் என்பது அந்த இடத்தில் மழை பெய்வதற்கான வாய்ப்பு. எவ்வளவு நேரம் பெய்யும் என்பதை அது சொல்வதில்லை. மணிவாரிக் கணிப்பைத் திறந்து பாருங்கள். அதுவும் இரண்டு நாளுக்குள் இருந்தால்தான் ஓரளவு நம்பலாம். திடீரெனக் கிளம்பும் இடிமேகம் எந்தத் தெருவில் கொட்டும் என்பது சில மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும். அந்த நேரத்தில் ரேடார் படமே சிறந்த வழிகாட்டி.

மழையின் மூன்று வடிவங்கள்

முதலாவது, வெப்பச்சலன மழை. காலையில் வானம் தெளிவு. பத்து மணிக்குப் பஞ்சுப் பொதி போல மேகம் கட்டும். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குக் கறுத்து, இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். நிலப்பகுதிகளிலும் பெரிய தீவுகளின் உட்பகுதிகளிலும் மழைக்காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இதுதான் அதிகம். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, நேரத்தை மட்டும் மதிக்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் மழை பிற்பகலில்தான் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. கடல் மேலும் சில கரையோரங்களிலும் இரவிலும் விடியற்காலையிலும் மழை அதிகம். மலாக்கா நீரிணையில் உருவாகி வரும் 'சுமத்ரா' காற்றுமழை சிங்கப்பூரையும் மலேசிய மேற்குக் கரையையும் விடிவதற்கு முன்போ காலையிலோ அடித்துவிட்டுப் போகும்.

இரண்டாவது, அடைமழை. பருவக்காற்று தீவிரமாகும்போது அல்லது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று அருகில் நிற்கும்போது மூன்று நாள், ஐந்து நாள் விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருக்கும். இடி குறைவு, பார்க்கப் பயமாகவும் இருக்காது. ஆனால் பயணத்தை உண்மையில் குலைப்பது இந்த மழைதான். மண் ஊறி இனித் தண்ணீரை வாங்க முடியாத நிலைக்கு வந்ததும் மலைச்சாலைகளில் சரிவு தொடங்கும். முதல் நாள் பெருமழையைவிட மூன்றாம் நாள் சாதாரண மழை ஆபத்தாக மாறுவது அதனால்தான். மலைப்பாதைப் பயணம் இருந்தால் இன்றைய மழையோடு கடந்த மூன்று நாள் மழையையும் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, புயல். கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் அளவுக்கு நிலநடுக்கோட்டிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். அதனால் நிலநடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. (2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே உருவான வாமெய் புயல் அந்த அரிதான விலக்கு.) கடலுக்குக் கடல் புயல் காலம் வேறுபடும்:

- அட்லாண்டிக், கரீபியன்: ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, செப்டம்பர் நடுப்பகுதி உச்சம். அருபா, பொனேர், குராசாவ் தீவுகள் புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருக்கின்றன.
- வடமேற்குப் பசிபிக், அதாவது பிலிப்பைன்ஸ், வியட்நாம் பக்கம்: வருடம் முழுக்க வரலாம், ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம்.
- வங்கக்கடல், அரபிக்கடல்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று.
- தென்மேற்கு இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா, தென் பசிபிக்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

புயல் செய்திகளில் ஒரு கூம்பு வடிவப் படம் வரும். புயலின் மையம் எந்த எல்லைக்குள் நகரக்கூடும் என்பதை அது காட்டுகிறது. மழையும் காற்றும் அந்தக் கூம்புக்கு வெளியேயும் வெகுதூரம் பரவும். நாம் தங்கும் ஊர் கூம்புக்கு வெளியே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வதந்திக் காணொளிகளை விட்டுவிட்டு அந்தந்தக் கடலுக்குப் பொறுப்பான மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள்: வட இந்தியப் பெருங்கடலுக்குப் புது டெல்லி, வடமேற்குப் பசிபிக்குக்கு டோக்கியோ, அட்லாண்டிக்குக்கு மியாமி, தென்மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு ரீயூனியன் தீவு, தென் பசிபிக்குக்கு ஃபிஜியின் நாடி.

மழை எதை மூடுகிறது, எதைத் திறக்கிறது

மழைக்காலப் பயணத்தில் ஏமாற்றம் பெரும்பாலும் நனைவதால் வருவதில்லை. எதைப் பார்க்கப் போனோமோ அது மூடியிருப்பதால் வருகிறது. தாய்லாந்தின் சிமிலன், சுரின் தீவுத் தேசியப் பூங்காக்கள் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகின்றன. பெரு நாட்டின் இன்கா மலைப்பாதை பிப்ரவரி முழுக்க மூடியிருக்கும். இந்தியாவின் பல புலிகள் காப்பகங்களில் மையப் பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை திறப்பதில்லை. வட ஆஸ்திரேலியாவின் ககாடு பூங்காவில் ஜிம் ஜிம் அருவிக்குப் போகும் மண்சாலை மழைக்காலத்தில் நீருக்குள் போய்விடும். அருவி பொங்கி வழியும் மாதங்களில் தரைவழியாக அங்கே போக முடியாது என்பது கொஞ்சம் வருத்தமான செய்திதான்.

கடல் தனிக் கணக்கு. வெயில் அடிக்கும் நாளிலும் பருவக்காற்று அலையை உயர்த்தியிருக்கும். படகுச் சேவை நிற்கும், கடலடித் தெளிவு குறையும், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் வலுக்கும். சிவப்புக் கொடி பறக்கும் கடற்கரையில், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், இறங்கவே கூடாது.

குகைகளும் அப்படித்தான். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன பன்னிரண்டு சிறுவர்களும் பயிற்சியாளரும் நீர் ஏறி உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கடைசி நபர் வெளியே வந்தது ஜூலை 10 அன்று. அவர்களை மீட்கும் முயற்சியில் ஒரு முன்னாள் கடற்படை வீரர் உயிரிழந்தார். மலைமேல் எங்கோ பெய்த மழை குகைக்குள் ஆறாக வந்து சேரும். குகை, குறுகிய பள்ளத்தாக்கு, அருவிக் குளம் மூன்றையும் மழைக்காலத்துத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மறுபக்கம், மழை வந்தால் மட்டுமே காணக்கூடியவையும் உண்டு. மாலத்தீவில் ஹனிஃபாரு விரிகுடாவில் திருக்கை மீன்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்வது தென்மேற்குப் பருவக்காற்று மிதவை உயிரிகளை அங்கே கொண்டுவந்து குவிக்கும் மாதங்களில்தான். கம்போடியாவில் மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகி, தோன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும் ஏரி பல மடங்கு விரிந்து காடுகளை மூழ்கடிக்கும். கோஸ்டா ரிக்காவின் தொர்துகேரோவில் பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறுவது ஜூலை முதல் அக்டோபர் வரை.

ஆறுகள் மழையைவிடப் பின்தங்கி வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். விக்டோரியா அருவியில் நீர் உச்சத்துக்கு வருவது ஏப்ரல் வாக்கில், அதாவது அப்பகுதியில் மழை ஓய்ந்த பிறகு. மேல்பகுதியில் பெய்த நீர் ஜாம்பேசி ஆற்றில் வந்து சேர அத்தனை நாள் ஆகிறது. அமேசான் கரையில் மனாவுஸ் நகரில் ஆறு மிக உயரும் மாதம் ஜூன். அது மழை உச்ச மாதம் இல்லை. ஆறு சார்ந்த பயணத்துக்கு மழை அட்டவணையோடு நீர்மட்ட அட்டவணையும் வேண்டும்.

திட்டம் போடும் முறை

1. மழைக்காலத்தின் உச்ச மாதத்தைத் தவிர்த்து ஓரங்களைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க மாதத்திலும் முடிவு மாதத்திலும் வெப்பச்சலன மழையே அதிகம், விலையும் குறைந்திருக்கும். இரண்டில் எது என்றால், காடும் அருவியும் வேண்டுவோருக்கு முடிவு மாதம், சாலைப் பயணம் அதிகம் உள்ளவர்களுக்குத் தொடக்க மாதம். முடிவில் மண் ஊறியிருக்கும், ஆறு நிறைந்திருக்கும். புயல் காலத்தின் உச்சம் எந்த ஓரத்தோடு சேர்கிறது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

2. நாளை விடியலிலிருந்து கணக்கிடுங்கள். வெப்பமண்டலத்தில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பிற்பகல் இரண்டு மணிக்கு மழை தொடங்கும் ஊரில் காலை ஆறு முதல் ஒரு மணி வரைதான் கையிலிருக்கும் நேரம். ஒன்பது மணிக்கு எழுந்து பதினொன்றுக்குக் கிளம்பினால் மிச்சம் இரண்டு மணி. வெளியிடங்களைக் காலையிலும், அருங்காட்சியகம், கோயில் மண்டபம், சந்தை போன்றவற்றைப் பிற்பகலிலும் வையுங்கள்.

3. ஊர்களைக் குறையுங்கள். பத்து நாளில் ஐந்து ஊர் என்ற திட்டம் வறண்ட காலத்துக்கே இறுக்கம்தான். மழைக்காலத்தில் ஒரு படகு நின்றால் அடுத்த மூன்று புக்கிங்கும் சரியும். பத்து நாளுக்கு இரண்டு ஊர், அதிகம் போனால் மூன்று.

4. உபரி நாளைத் தீவுக்குப் பின்னால் வையுங்கள். விமானம் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு தீவிலோ மலையிலோ தங்கக் கூடாது. விமான நிலையம் இருக்கும் ஊருக்கு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே வந்துவிடுங்கள்.

5. உள்ளூர் விமானத்துக்குக் காலை நேர டிக்கெட் எடுங்கள். பிற்பகல் இடிமழையில் தாமதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும்.

6. தங்குமிடத்தை உயரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆற்றங்கரை அறையும் மலையடிவார அறையும் படத்தில் அழகாக இருக்கும். மழைக்காலத்தில் அந்த இரண்டிலும் தூங்குவது சரியில்லை.

சாலையில் ஓடும் நீரைப் பற்றி மட்டும் எண்ணோடு சொல்ல வேண்டும். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே பெரியவர் ஒருவரைத் தள்ளிவிடும். 30 செ.மீ. பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும். 60 செ.மீ. இருந்தால் ஜீப் போன்ற கனமான வண்டிகளும் தப்பாது. முன்னால் போன வண்டி கடந்துவிட்டது என்பது உங்கள் வண்டியும் கடக்கும் என்பதற்குச் சான்றாகாது. டிரைவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். மின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

பணமும் காப்பீடும்

பயணக் காப்பீடு எடுத்தவர்கள்கூட ஏமாறும் இடம் ஒன்றுதான்: எடுத்த தேதி. காப்பீடு எதிர்பாராத நிகழ்வுக்குத்தான். புயலுக்குப் பெயர் வைத்து அறிவித்த பிறகு பாலிசி எடுத்தால், அது 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு' ஆகிவிடும். அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்கு அனேகமாகப் பணம் கிடைக்காது. முதல் டிக்கெட் எடுத்த நாளிலேயே பாலிசியும் எடுத்துவிடுங்கள். மழையாக இருக்கிறது, போகப் பிடிக்கவில்லை என்று நீங்களாக ரத்து செய்தால் சாதாரணப் பாலிசி எதுவும் தராது. மருத்துவ அவசர இடமாற்றச் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். தீவுப் பயணத்தில் மிகப் பெரிய செலவு அதுவாக இருக்கக்கூடும்.

வானிலையால் விமானம் ரத்தானால் நஷ்டஈடு பொதுவாகக் கிடைக்காது, ஏனென்றால் அது விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில்கூட அப்படித்தான். ஆனால் அந்த விதிகளின்படி டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று விமானத்தில் போகவோ உரிமை உண்டு; காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் தர வேண்டும். இணைப்பு விமானங்களை ஒரே புக்கிங்கில் எடுப்பது மழைக்காலத்தில் ரொம்ப முக்கியம். தனித்தனியாக எடுத்த டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்கள் பொறுப்பு.

ஹோட்டலில் விலை ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்தத் தள்ளுபடியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தை எடுங்கள். அறைகள் காலியாக இருக்கும் பருவம் என்பதால் பிந்திய நாட்களுக்கு முன்பதிவே செய்யாமல் போனாலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். மழை எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர அந்தச் சுதந்திரம் உதவும்.

பையும் உடம்பும்

பையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சீக்கிரம் உலரும் துணி, ஈரம் பிடிக்காத செருப்பு, பாஸ்போர்ட்டுக்கும் போனுக்கும் நீர்புகாப் பை, ஒரு நல்ல குடை. விலை உயர்ந்த 'மூச்சுவிடும்' ரெயின்கோட்டை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது உள்ளே ஊறும் வியர்வை வெளியேற வழியில்லை. மழையில் நனையாமல் வியர்வையில் நனைவீர்கள். மேகமாக இருக்கிறதே என்று வெயில் களிம்பை விட்டுவிடக் கூடாது. மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புற ஊதாக் கதிர் பெருமளவு வந்துவிடும்.

உடல்நலத்தில் கவனம் வேண்டியவை கொசுவும் வெள்ளநீரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இரவில் கடிக்கும். அதனால் கொசுவலை மட்டும் போதாது, பகலிலும் விரட்டிக் களிம்பு வேண்டும். வெள்ளநீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். காலில் சிறு கீறல் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். மலேரியாத் தடுப்பு மாத்திரையோ மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியோ தேவைப்படும் நாடாக இருந்தால் பல வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே செல்லுபடியாகும்.

பயணத்திலோ திரும்பிய பிறகோ காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். பாரசிட்டமால் எடுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். டெங்கு பொதுவாகக் கடிபட்ட 4 முதல் 10 நாட்களில் தெரியும். எலிக்காய்ச்சல் ஒரு மாதம் கழித்தும் வரலாம், மலேரியா சில மாதங்கள் கழித்தும் வரலாம். எந்த நாட்டில், எந்தத் தேதிகளில் இருந்தீர்கள், தேங்கிய நீரில் இறங்கி நடந்தீர்களா என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.